மூளை நீர்க்கட்டிக்குப் பெயர் வைப்பது: மலைநாட்டு ஆய்வுகூட அனுபவம்

எம்.ஆர்.ஐ. படத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரிந்த நீர்க்கட்டி, சத்திரசிகிச்சை முடிந்து போத்தலில் வந்து சேரும்போது வெங்காயத்தோலில் கிள்ளியெடுத்த துண்டு மாதிரி இருக்கும். உள்ளே இருந்த திரவம் உறிஞ்சுகுழாயோடு போயிருக்கும். மிச்சம் ஒரு மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத சுவர். அந்தச் சுவரின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கலங்களின் வரிசைதான் கட்டி எந்த வகை என்று சொல்லும். வரிசை உரிந்துபோயிருந்தால் எவ்வளவு நல்ல நுணுக்குக்காட்டி இருந்தும் பயனில்லை.

சளியோ இரத்தமோ என்றால் நாளைக்கு இன்னொரு முறை எடுக்கலாம். மண்டையோட்டைத் திறந்து எடுத்த இழையத்தை மறுபடி கேட்க முடியாது. அதுவும் மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிற நோயாளி என்றால், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிக் கண்டிக்கு வர வேண்டும். துணைக்கு வருகிறவருக்கும் அன்றைய பேர், அதாவது தோட்டத்து நாட்கூலி, போய்விடும். "இழையம் போதவில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அந்த வீட்டுக்கு அது என்ன செலவு என்பதை மனதில் வைத்துத்தான் இங்கே ஒவ்வொரு துண்டையும் கையாள வேண்டியிருக்கிறது.

பிழைகள் அதிகம் நடக்கும் இடம் கோரிக்கைப் படிவம். "மூளைக் கட்டி, பயாப்சி" என்று மட்டும் எழுதிய படிவத்தை வைத்து நீர்க்கட்டியை அடையாளம் காண முயல்வது இருட்டில் தேடுவதற்குச் சமம். காரணம் இதுதான்: மூன்றாம் மூளையறையின் கூரையில் தொங்கும் கொலோயிட் சிஸ்ட் (சிஸ்ட் என்றால் நீர்க்கட்டி), பிட்யூட்டரிச் சுரப்பி இருக்கும் குழியில் வரும் ராத்கே பிளவுச் சிஸ்ட், மூளைத்தண்டுக்கோ முண்ணாணுக்கோ முன்பக்கத்தில் வரும் நியூரென்டெரிக் சிஸ்ட் ஆகிய மூன்றும் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒருதாய் மக்கள் மாதிரி இருக்கும். மூன்றிலும் உட்பக்கத்தை மூடும் கல அடுக்கு, அதாவது மேலணி, கம்பம் போன்ற கலங்களால் ஆனது, அவற்றின் நுனியில் நுண்மயிர் போன்ற பிசிர், இடையிடையே சீதம் சுரக்கும் கிண்ணம் போன்ற கலங்கள். சாயம் போட்டும் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாத சந்தர்ப்பங்கள் உண்டு. பிரித்துச் சொல்வது இடம். ஆகவே படிவத்தில் எந்த இடம், எந்தப் பக்கம், மூளையறைக்கு உள்ளேயா வெளியேயா, முழுச் சுவரும் எடுக்கப்பட்டதா துண்டு மட்டுமா, முன்பு சத்திரசிகிச்சை நடந்ததா என்பவை இருக்க வேண்டும். ஸ்கேனில் சுவரோடு ஒட்டிய திண்மையான முடிச்சு தெரிந்ததா என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும். இது ஏன் என்று பின்னால் வரும்.

திரவத்தின் நிறத்தை எழுதுவதற்கு ஒரு வரி போதும், ஆனால் பலர் விட்டுவிடுகிறார்கள். வெறும் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தால், மூளையைச் சுற்றிய மெல்லிய உறையில் வரும் அரக்னோயிட் சிஸ்ட் பக்கம் யோசனை போகும். ஜெலி மாதிரிக் கெட்டியாக இருந்தால் கொலோயிட். முத்துப்போல் வெண்மையாக, செதில் செதிலாக உதிர்ந்தால் எபிடர்மோயிட். 1829 இல் க்ருவெய்யே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை "முத்துக் கட்டி" என்றே அழைத்தார். வெண்ணெய் போன்ற பசையும் மயிரும் வந்தால் டெர்மோயிட். எஞ்சின் ஒயில் நிறத்தில், வெளிச்சத்தில் மினுங்கும் துகள்களோடு வந்தால் அது வெறும் நீர்க்கட்டிதானா, கிரேனியோபரின்ஜியோமா என்ற கட்டியா என்று நின்று பார்க்க வேண்டும்.

பெயர்க் குழப்பம் எங்கள் பகுதிக்கே உரியது. வீட்டார் தமிழில் சொல்கிறார்கள், வார்டில் சிங்களத்தில் பதிகிறார்கள், படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ஒரு லெட்சுமி மூன்று எழுத்துக்கூட்டலில் வருவார். ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி இருப்பதும் புதிதல்ல. பெயரை நம்பாமல் பி.எச்.டி. இலக்கத்தையும் (வார்டில் நோயாளிக்குரிய கட்டில்தலைச் சீட்டின் இலக்கம்) வயதையும் போத்தலிலும் படிவத்திலும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். லேபல் போத்தலின் உடம்பில் இருக்க வேண்டும். மூடியில் ஒட்டினால், மூடி மாறும்போது ஆளும் மாறிவிடுவார்.

தியேட்டரில் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: மின்சூட்டுக் கருவி படுவதற்கு முன்பு சுவரில் 3 முதல் 5 மில்லிமீற்றர் துண்டு ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டித் தாருங்கள். சூடுபட்ட மேலணி உருகி நீண்டு, கரு எது, சுவர் எது என்று தெரியாமல் போய்விடும். கெமரா வழியாக, சிறு துளையினூடே எடுக்கும் கொலோயிட் சிஸ்டில் சுவர் தூள் தூளாகத்தான் வரும். அப்போது உறிஞ்சுகுழாயின் இடையில் ஒரு வடிகட்டும் போத்தலைப் பொருத்தினால், கழிவு என்று கொட்டப்படுவதிலிருந்தே நல்ல மேலணித் துண்டுகள் கிடைக்கும். துண்டைக் காஸ் துணியில் வைக்கக் கூடாது. இழைகளுக்குள் நுழைந்து பிய்ந்துவிடும், உலர்ந்தும் போகும். உப்புநீரில் மணிக்கணக்கில் ஊறவிட்டால் கலங்கள் வீங்கிக் கழன்றுவிடும். சற்று நேரம் வைத்திருக்க வேண்டுமென்றால் உப்புநீரில் நனைத்துப் பிழிந்த வடிகட்டித் தாளின் மேல் விரித்து வைப்பதே நல்லது.

சீழாக இருக்கலாம், காசமாக இருக்கலாம் என்ற சந்தேகம் கொஞ்சமாவது இருந்தால், போர்மலின் தொடாத ஒரு பங்கைக் கிருமி வளர்ப்புக்கென்று தனிக் கிருமியற்ற போத்தலில் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். போர்மலினில் போட்ட பிறகு எந்தக் கிருமியையும் வளர்க்க முடியாது. திரவத்தை சைட்டோலஜிக்கு (கலப் பரிசோதனைக்கு) அனுப்புவதானால் எதுவும் கலக்காமல் உடனே கொண்டுபோக வேண்டும். இரவு தாண்டுமென்றால் 4 பாகையில் குளிரூட்டியில் வைக்கலாம். வந்த திரவத்தை மையநீக்கியில் சுழற்றி, அடியில் படிவதில் ஒரு துளியைப் பூச்சாகத் தேய்த்து, மிச்சத்தைக் கட்டியாக்கி மெழுகில் பதித்தால், சுவர் கிடைக்காத நோயாளிக்கும் சில வேளை விடை கிடைத்துவிடும்.

சத்திரசிகிச்சை நடக்கும்போதே துண்டை உறையவைத்து வெட்டிப் பார்க்கும் உடனடி உறைவெட்டை நீர்க்கட்டிக்கு நாங்கள் விரும்புவதில்லை. பனிப்படிகம் மெல்லிய சுவரைக் குத்திக் கிழிக்கும், இருந்த ஒரே நல்ல துண்டும் அதில் போய்விடும். அந்த இடத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவுத் துண்டை இரண்டு கண்ணாடித்தட்டுகளுக்கிடையில் நசுக்கி இழுத்து, காயும் முன்னே 95 சதவீத எதனோலில் போட்டுச் சாயமிட்டால் போதும். எபிடர்மோயிட் என்றால் கரு இல்லாத செதில்கள் குவியலாகத் தெரியும். சத்திரசிகிச்சை நிபுணருக்கு அந்த நேரத்தில் தேவை அந்தத் தகவல்தான்.

இனி போத்தல். 10 சதவீத நடுநிலைப் போர்மலின், இழையத்தைப் போல் குறைந்தது 10 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு. அகலமான வாய் இருக்க வேண்டும். ஒடுங்கிய கழுத்துள்ள மருந்துப் போத்தலில் மென்மையாக இருக்கும்போது நுழைந்த துண்டு, இறுகிய பின் வெளியே வராது. இடுக்கியால் இழுத்தால் உட்படலம் கழுத்திலேயே ஒட்டிக்கொள்ளும். சின்னத் துண்டு மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்திருப்பதும் வழக்கம். "போத்தல் வெறுமை" என்று எழுதும் முன் மூடியைக் கழுவிப் பார்க்க வேண்டும். எத்தனை துண்டு என்று தியேட்டரில் எண்ணி எழுதினால் இந்தத் தேடல் மிச்சம்.

போர்மலினை நாமே கலக்கும் முறை: 37 முதல் 40 சதவீத மூலக் கரைசல் 100 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த நீர் 900 மில்லிலீற்றர், சோடியம் ஈரைதரசன் பொசுபேற்று மொனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று 6.5 கிராம். உப்புகளை விட்டுவிட்டு வெறும் தண்ணீரில் கலந்தால் நாளாக ஆக அமிலமாகி, இரத்தம் உள்ள இழையத்தில் கபிலக் கருமையான துகள்களாகப் படியும். பழைய இரத்தக்கசிவின் இரும்புத் துகள் என்று அதை மயங்கிவிடலாம்.

கொழும்பில் எழுதிய செய்முறைத் தாளை அப்படியே நுவரெலியாவில் பின்பற்றினால் சில விஷயங்கள் பிசகும். 1868 மீற்றர் உயரம். தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் தை மாதப் பனிக்காலத்தில் மூலக் கரைசல் போத்தலின் அடியில் வெள்ளைப் படிவு இறங்கியிருக்கும். போர்மல்டிஹைட் குளிரில் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு படிவதுதான் அது. மேலே இருக்கும் தெளிவான பகுதியை எடுத்துக் கலந்தால் 10 சதவீதம் என்று லேபல் சொல்லும், உண்மையான வலு அதைவிடக் குறைவு. மூலக் கரைசலை வெதுவெதுப்பான அலுமாரியில் வைக்க வேண்டும், படிந்ததைப் பயன்படுத்தக் கூடாது. குளிரில் போர்மலின் வேலை செய்யும் வேகமும் குறையும். மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் ஊடுருவும் என்ற கணக்கு அறை வெப்பநிலைக்குரியது. மெல்லிய சுவருக்குள் ஊடுருவ ஒரு மணி போதும் என்று நினைத்து அவசரப்படக் கூடாது. ஊடுருவுவது வேறு, புரதத்தைப் பிணைத்து இறுக்குவது வேறு. 6 மணித்தியாலத்துக்குக் குறையாமல், 48 மணித்தியாலத்துக்கு மேற்போகாமல் வைத்திருந்தால் பின்னால் இம்யூனோ சாயமும் (குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் காட்டும் சாயம்) ஒழுங்காகப் பிடிக்கும்.

இன்னொன்று கொதிநிலை. இம்யூனோ சாயத்துக்கு முன், போர்மலின் மூடி மறைத்த புரதங்களைத் திறக்க, வெட்டுத்துண்டுகளைப் பி.எச். 6 சிற்றேற்றுக் கரைசலில் 95 பாகைக்கு மேல் 20 நிமிடம் வைக்கச் சொல்வார்கள். கண்டியில் நீர் 98 பாகையளவில் கொதிக்கும், பரவாயில்லை. நுவரெலியாவில் 94 பாகையை எட்டும்போதே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் ஏறாது. அங்கே பருப்பு வேகத் தாமதமாவது எதனாலோ, அதே காரணத்தால்தான் சாயமும் மங்கலாகிறது. பிரஷர் குக்கர்தான் வழி. குக்கருக்குள்ளும் அமுக்கம் வெளிக்காற்றின் மேல்தான் கூடுகிறது என்பதால், கடல்மட்டத்தில் கிடைக்கும் 120 பாகை இங்கே கிடைக்காது, இரண்டு மூன்று பாகை குறையும். நேரத்தைச் சற்றுக் கூட்டி, ஒவ்வொரு தொகுதியோடும் விடை தெரிந்த ஒரு தட்டையும் சேர்த்து ஓட்டினால் எவ்வளவு கூட்டுவது என்று அதுவே காட்டிவிடும். அந்த விடை தெரிந்த தட்டுக்கு, மேலணிச் சவ்வுப் புரதத்தைக் காட்டும் ஈ.எம்.ஏ. சாயம் என்றால் மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டி, மூளையின் தாங்குகலப் புரதத்தைக் காட்டும் ஜி.எஃப்.ஏ.பி. சாயம் என்றால் சாதாரண மூளை இழையம்.

மெழுகில் பதிக்கும் முன் இழையத்தின் நீரை அகற்றப் பயன்படும் நூறு சதவீத எதனோல் மழைக்காலத்தில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவிடும். நீரற்ற வெண்ணிறச் செப்புச் சல்பேற்றைக் கொஞ்சம் போட்டுப் பார்த்து, நீலமானால் மாற்ற வேண்டும். ஈரம் மிஞ்சினால், எதனோலை நீக்கி மெழுகுக்கு வழிவிடும் சைலீன் பால் நிறமாகும், மெழுகு உள்ளே ஏறாது, வெட்டும்போது நடுவில் ஓட்டை விழும். இடி மின்னலோடு மின்சாரம் போகும் நாட்களில் துண்டுகள் சைலீனில் மாட்டிக்கொள்வதுதான் மோசம், உடையும் பதத்துக்கு இறுகிவிடும். வானம் கறுத்திருந்தால் 70 சதவீத எதனோலிலேயே வைத்துவிட்டு மறுநாள் தொடர்வது நல்லது.

சுவரைப் பதிப்பதுதான் கைத்திறன். மெல்லிய சவ்வை அப்படியே போட்டால் சுருண்டு, கிடையாகப் படுத்துவிடும். அதை வெட்டினால் மேலணி மேலிருந்து பார்த்த தளக்கற்கள் மாதிரித் தெரியுமே தவிர எத்தனை அடுக்கு, பிசிர் உண்டா என்பது தெரியாது. ஆகவே போர்மலினில் போடும் முன்பே வடிகட்டித் தாளில் உட்பக்கம் மேலே வர விரித்து, 10 நிமிடம் ஒட்டவிட்டு, தாளோடு அமிழ்த்த வேண்டும். இறுகியபின் நாடாவாக நறுக்கி, 2 சதவீத அகாரில் நிமிர்த்தி நிறுத்தி, அந்த அகார் துண்டோடு மெழுகில் பதித்தால் ஓரம் தெரிய வெட்டலாம். எதனோல் கட்டத்தில் ஒரு துளி ஈயோசின் விட்டால் வெளிறிய சவ்வு இளஞ்சிவப்பாகி, வெள்ளை மெழுகுக்குள் தொலையாமல் தெரியும். வந்தது எல்லாவற்றையும் பதிக்க வேண்டும். போத்தலில் மிச்சம் வைக்கிற அளவுக்கு இங்கே எதுவும் வராது.

வெட்டும்போது 3 அல்லது 4 மைக்ரோன். முதல் தட்டு ஹீமடொக்சிலின் ஈயோசின் என்ற வழக்கமான சாயத்துக்கு, அடுத்து சாயமிடாத 8 அல்லது 10 தட்டு, கடைசியில் மறுபடி ஒன்று ஹீமடொக்சிலின் ஈயோசினுக்கு. எல்லாம் ஒரே இருப்பில் வெட்டிவிட வேண்டும். பிறகு சாயம் கேட்டால் வெட்டலாம் என்று மெழுகு பிளொக்கை எடுத்து வைத்தால், மறுமுறை கத்தியை நேராக்கிச் சமப்படுத்துவதிலேயே இருந்த சுவர் தீர்ந்துவிடும். சாயம் கேட்டு எழுதிய பிளொக்கில் இழையமே இல்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

நுணுக்குக்காட்டியில் முதலில் பார்க்க வேண்டியது உட்படலம். அடுக்கடுக்கான செதின் மேலணி, அதன்மேல் உலர்ந்த கெரட்டின் தகடுகள், கீழே மயிர்ப்புடைப்போ நெய்ச்சுரப்பியோ இல்லை என்றால் எபிடர்மோயிட். அவை இருந்தால் டெர்மோயிட். டெர்மோயிடின் எண்ணெய் சைலீனில் கரைந்துவிடுவதால் தட்டில் வெறும் வட்டக் குழிகள்தான் இருக்கும். அதேபோல் கொலஸ்ட்ரோல் படிகங்களும் கரைந்து, ஊசி வடிவப் பிளவுகளை விட்டுச் செல்லும். பிளவைச் சுற்றிப் பல கருக்கொண்ட பெருங்கலங்கள் சூழ்ந்திருந்தால் பழைய கசிவு என்று கொள்ளலாம். கொலோயிட் சிஸ்டிலும் ராத்கேயிலும் இந்த அழற்சி மேலணியையே விழுங்கிவிடுவதுண்டு. அப்போது எல்லாத் தட்டிலும் தேடி, ஒரு மூலையில் எஞ்சியிருக்கும் நாலைந்து பிசிர்க் கலங்களைக் கண்டுபிடித்தால் அதுவே போதும்.

மேலணி ஒரே வரிசையாக, தட்டையாக இருந்தால் சாயம் உதவும். ஈ.எம்.ஏ. பிடித்து ஜி.எஃப்.ஏ.பி. பிடிக்காவிட்டால் அரக்னோயிட். ஜி.எஃப்.ஏ.பி. பிடித்து, அடிமென்சவ்வு (மேலணியின் அடியில் இருக்கும் மெல்லிய படலம்) இல்லாமல் நேரே மூளை இழையத்தின் மேல் கலங்கள் உட்கார்ந்திருந்தால் கிளையோ-எபென்டைமல் சிஸ்ட். மேலணிக் கலங்களின் புரதமான சைட்டோகெரட்டினுக்குரிய சாயம் பிடித்து, சர்க்கரை சேர்ந்த பொருட்களைக் காட்டும் பி.ஏ.எஸ். சாயத்தில் அடிமென்சவ்வு கோடாகத் தெரிந்தால் நியூரென்டெரிக் பக்கம். இம்யூனோ சாயத்துக்கு வழியில்லாத இடத்தில் பி.ஏ.எஸ். ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும், செலவும் குறைவு.

ஆபத்தானவை மயக்கங்கள்தான். மூளையின் நடுவில் உள்ள பைனியல் சுரப்பியில் வரும் பைனியல் சிஸ்டின் உட்சுவரில், ரோசென்தால் இழைகள் என்ற சிவந்த தடித்த இழைகள் நிறைந்த வடுப்பட்ட மூளை இழையம் இருக்கும். அதைத் தனியே பார்த்தால் பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா என்ற மூளைக் கட்டி என்று எழுதத் தோன்றும். அதற்கு வெளியே பைனியல் இழையமும் நார்ச்சுவரும் அடுத்தடுத்து வருகிறதா என்று மூன்று அடுக்கையும் தேட வேண்டும். இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. ஸ்கேனில் சுவரோடு முடிச்சு ஒன்று இருக்கும், போத்தலில் சுவர் மட்டும் வரும், அதில் வடு மட்டும் தெரியும். கட்டி அந்த முடிச்சில் இருக்கிறது; பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா, ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா இரண்டும் இப்படித்தான் வரும். அங்கே "தீங்கற்ற நீர்க்கட்டி" என்று எழுதுவது நோயாளியை ஏமாற்றுவது. "முடிச்சு பரிசோதனைக்கு வரவில்லை" என்று எழுதி, சத்திரசிகிச்சை நிபுணரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

ராத்கே சிஸ்டின் மேலணி சில இடங்களில் செதின் மேலணியாக மாறியிருக்கும். அப்போது கிரேனியோபரின்ஜியோமாவை ஒதுக்க வேண்டும். ஈரமான கெரட்டின் கட்டிகள், வேலிபோல் அணிவகுத்த அடிக்கலங்கள், சுண்ணாம்புப் படிவு, பீட்டா-கட்டெனின் என்ற புரதம் கருவுக்குள் தெரிதல் ஆகியவை அந்தக் கட்டியின் ஒரு வகைக்கு அடையாளம். பி-ராஃப் வி600ஈ என்ற மரபணு மாற்றம் இன்னொரு வகைக்கு. சீதம் சுரக்கும் மேலணியைக் கண்டு வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோயோ என்று பயந்தால் பிசிரைத் தேட வேண்டும். பிசிர் தெளிவாக இருந்தால் புற்றுநோய் அல்ல என்பதற்கு அது வலுவான சான்று. கலங்களே இல்லாமல், பாய் அடுக்கினாற்போல் பி.ஏ.எஸ். சாயத்தில் பளிச்சென்று தெரியும் சுவர் என்றால் ஹைடற்றிட் புழுக்கட்டி. அலையலையான சுவரும் கொக்கிகள் கொண்ட தலையும் நாடாப்புழுவின் இளம்பருவம். இவற்றுக்கு மருந்தே வேறு.

உட்படலம் கிடைக்காவிட்டால் அதை மறைக்கக் கூடாது. "நார்ச்சுவர் மட்டும் உள்ளது, உட்படலம் காணப்படவில்லை, எல்லா இழையமும் மூன்று மட்டங்களில் பார்க்கப்பட்டது" என்று எழுதி, இடத்தையும் ஸ்கேனையும் வைத்து எது பொருந்துகிறது என்பதைத் தனி வரியில் சொல்லலாம். பார்த்ததும் ஊகித்ததும் ஒரே வரியில் கலக்கக் கூடாது.

ரிப்போர்ட் வீட்டாரிடம் போகும்போது "கட்டி" என்ற சொல்லே பயமுறுத்துகிறது. "ஐயா, கட்டின்னா கேன்சர்தானுங்களே?" என்றுதான் முதல் கேள்வி வரும். "இல்லம்மா, இது பிறக்கும்போதே உள்ள மாட்டிக்கிட்ட தோல், மெதுவாச் செதில் உதிர்த்துப் பெருத்திருக்கு, உடம்புல வேற எங்கயும் பரவாது" என்று எபிடர்மோயிடை அவர்கள் மொழியில் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். அதோடு நிறுத்தினால் போதாது. நரம்பையும் இரத்தக்குழாயையும் சுற்றி ஒட்டிய சுவரை முழுக்க உரிக்க முடியாமல் விட்டிருந்தால், அது பல வருடம் கழித்து மெல்ல வளரும். சுகமாகிவிட்டது என்று கிளினிக்கை நிறுத்திவிடுவது இங்கே சாதாரணம். சுவர் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று சத்திரசிகிச்சைக் குறிப்பில் உள்ளதை ரிப்போர்ட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பயாப்சி இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் உள்ளட்டையில் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். லயத்துக் கூரை ஒழுகி ரிப்போர்ட் நனைந்து போனாலும், கொப்பி மாறும்போது அந்த இலக்கத்தை மட்டும் புதியதில் பார்த்து எழுதிக்கொண்டால், ஆய்வுகூட அலுமாரியில் இருக்கும் மெழுகு பிளொக்கை எடுத்து இன்னொரு சாயம் போட்டுப் பார்க்க முடியும்.